செய்ய வேண்டியது

சின்னம்மா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். காத்தான்குடியில் ஒரு புடவைக்கடைக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தைப் பெற்றுக்கொண்டவர் சொந்தக்காரர்கூட இல்லை, அப்பாவின் கூட்டாளி, நெருங்கிய சிநேகிதர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வட்டையில் அவருடைய வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் ஒரு வரம்புதான். அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சின்னம்மா சில தடவை சோறு போட்டிருக்கிறார். பழக்கம் அவ்வளவுதான்.

இருவரும் உடம்பு தேறிய பிறகு, கூட்டாளியின் ஊரில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். ஒலிபெருக்கி, பொன்னாடை, மாலை எல்லாம் இருந்தன. பேசியவர்கள் சின்னம்மாவைத் தெய்வம் என்றார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், தெய்வங்கள்கூட இப்படிச் செய்ததில்லை என்றார். முன்வரிசையில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் இருந்ததால் அந்தப் பேச்சு சற்று விரைவாக முடிந்தது.

சின்னம்மா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டே வசனம் பேசினார். “நான் பெரிசா ஒண்டும் செய்யல்ல. செய்ய வேண்டியதத்தான் செய்தன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். எவ்வளவு அடக்கம் என்று பக்கத்தில் இருந்த மாமி கண்ணைத் துடைத்தார். எனக்கு அப்படிப் படவில்லை. சின்னம்மாவுக்கும் அடக்கத்துக்கும் வெகுதூரம். தான் தைத்த ஒரு கழுத்துப் பட்டியைப் பற்றி அரைமணி நேரம் பெருமை பேசுவார். அவர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அது செய்ய வேண்டிய காரியம் என்றால், மற்றவர்கள் எல்லோரும் அதைச் செய்யாமல் விட்டவர்கள் ஆகிறார்களே.

முன்பெல்லாம் கோயில் இரத்ததான முகாமில் அப்பாவும் கூட்டாளியும் வருடாவருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து இரத்தம் கொடுப்பார்கள். இருவருக்கும் ஒரே இரத்த வகை என்பது எனக்குத் தெரியும். ஆகவே வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி கேட்டேன்.

“செய்ய வேண்டியதெண்டா, நீங்க ஏனப்பா செய்யல்ல?”

வாவிப் பாலத்தில் அப்பா மோட்டார் சைக்கிளை இன்னும் வேகமாக விட்டார். காற்றில் கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரக்கக் கேட்டேன்.

“சின்னம்மா வேற மாதிரி ஆள், மகள்” என்றார். “எல்லாராலயும் அவவப்போல இருக்க ஏலாது.”

அடுத்த சனிக்கிழமை காலையில் சின்னம்மா வீட்டுக்குப் போய், அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பாராட்டுக் கேட்டு மகிழ்வார் என்று பார்த்தால், முகம் கறுத்துவிட்டது.

“வேற மாதிரி ஆளா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து பயத்தில அழுதவள் நான். வேற மாதிரி எண்டு சொல்லிட்டா மற்ற ஆக்களுக்கு லேசு.”

அப்படியென்றால் அப்பாவும் செய்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். சின்னம்மா தையல் மெசினை நிறுத்தினார்.

“நான் செய்ய வேணும் எண்டு எனக்குத் தெரிஞ்சிது. உங்கப்பா செய்ய வேணுமா இல்லயா எண்டு நான் சொல்ல ஏலாது. அத அவர்தான் சொல்லணும்.”

இது என்ன நியாயம் என்று வழிநெடுக யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை தந்தால் வகுப்பு முழுவதற்கும்தான் தருவார்கள். ஒருவர் மட்டும் செய்ய வேண்டியதாக ஒன்று எப்படி இருக்கும்? ஆனாலும் அப்பாவுக்கு அது நல்ல செய்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மத்தியானம் அவர் வயலில் இருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவிழ்த்துவிட்டேன்.

“சின்னம்மா உங்களக் குறை சொல்லல்லப்பா. அத நீங்கதான் சொல்லணுமாம்.”

அப்பாவின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. சின்னம்மா சரியாக என்ன சொன்னார் என்று கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு, அந்த வெயிலிலேயே கூட்டாளி வீட்டுக்குப் புறப்பட்டார். கூட்டாளிக்குச் சிறுநீரக வருத்தம் வந்த நாளிலிருந்து அப்பா தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை என்று அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னார்.

நல்ல சேதி கொண்டுவந்த மிதப்பில் நான் அப்பாவின் தட்டில் இருந்த பொரித்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டேன். குறையே சொல்லாத ஒரு சொல் எப்படி ஒரு மனிதரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.