சோறு கொண்டுவராத ஊர்

சொந்த மச்சான் எடுத்த படம் பிடிக்கவில்லை என்றால் என்ன சொல்வீர்கள்? நான், "கேமரா பிரமாதம் மச்சான்" என்றேன். நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும்... முகம் சுண்டிவிட்டது.

செந்தில் என் மனைவி மாலதியின் தம்பி. சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கல்யாணம் ஆகாதவன். இருந்ததையெல்லாம் போட்டு ஒரு முழுப் படம் எடுத்துவிட்டான். ஹீரோ மனைவியைப் பறிகொடுத்தவன். பற்றவைக்காத அடுப்பையே பார்த்தபடி நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் கடலூர் பீச்சில் சூரியன் உதிக்கிறது - அவனுக்கு நம்பிக்கை பிறக்கிறது. சுபம்.

போன வாரம் கடலூரில் ஒரே ஒரு காலைக் காட்சி கிடைத்தது. வந்தவர்களில் பாதி சொந்தக்காரர்கள். அடுப்புக் காட்சியில் எல்லோரும் நெளிந்தார்கள்; கடைசியில் சூரியன் உதித்ததும் மாலதி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"சாவு வீட்டுல அடுப்பு எரியாதுதான். அதுக்குன்னு அக்கம்பக்கத்துல ஒருத்தர்கூடவா சோறு கொண்டாந்து குடுக்கல? என்னா ஊருடா இது? பொழுது விடியறதப் பாத்தா வயிறு ரொம்புமா?"

தியேட்டரே சிரித்தது. செந்தில் சிரிக்கவில்லை. "இனிமே படமே வேணாம் மாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. வந்த கல்யாண ஆர்டரையும் வேண்டாம் என்றுவிட்டானாம். தனியாக இருக்கிற பையன்... எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. மாலதிக்கோ, தன் வாய்தான் காரணம் என்று ஒரே புலம்பல்.

ஞாயிற்றுக்கிழமை கேரியரில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் கட்டிக்கொண்டு சிதம்பரம் போனோம். கதவைத் தட்டினால் சத்தமே இல்லை.

"செந்திலு... அக்காடா. சாப்பாடு கொண்டாந்திருக்கேன்." சொல்லும்போதே மாலதிக்கு அழுகை வந்துவிட்டது.

கதவு திறந்தது. தாடியும் கசங்கிய லுங்கியுமாக நின்றான். கேரியரைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முதல் வாய் உள்ளே போனதும் அவன் கண்ணும் நிறைந்தது. கொத்சை நானே அள்ளி அள்ளி ஊற்றினேன். இந்தப் பயல்மேல் எனக்கு இத்தனை பாசமா? நம்பிக்கை கிழக்கே உதிக்கிறதோ இல்லையோ, சில சமயம் பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டுகிறது.

பாதி இட்லியில் அவன் கை நின்றது.

"நீ சொன்னதுதான் சரிக்கா. படத்துல இதுதான் இல்ல."

"மொதல்ல சாப்புடுடா."

"இல்லக்கா. கேரியர எடுத்துக்கிட்டு வெளிய போ. மறுபடியும் வந்து கதவத் தட்டு. நான் கேமராவ எடுத்தாறேன்."

மாலதி கேரியரை மூடி எடுத்துக்கொண்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்குப் போகும்போது என் காதில் கேட்டாள்:

"இந்தத் தடவையும் அழுவணுமாங்க?"