எண்ணெய் பட்ட கூப்பன்

“வடை மடிக்க நல்லாருக்கும் மாப்ள.”

எங்கள் பேப்பரைப் பற்றிப் பெரிய மாமா எப்போதும் சொல்வது இவ்வளவுதான். அதையும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அப்பா சிரிப்பார். அம்மா மட்டும் தன் அண்ணனுக்குப் பரிமாறிய கரண்டியைச் சற்று சத்தமாகச் சட்டியில் போடுவாள்.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் ஏஜென்ட். காலையில் கட்டுகளைப் பிரித்து அனுப்பிவிட்டு, பகலில் கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்பார். மாமாவுக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாத்திரக் கடை. மாமா செய்வதைத்தான் அந்தத் தெருவில் மற்றவர்களும் செய்வார்கள். அவர் விளம்பரம் கொடுக்காதவரை தெருவே அப்பாவுக்கு அடைபட்டுக் கிடந்தது. தீபாவளிக்குள் விளம்பரம் சேராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மதுரை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மா அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை மூன்றாம் பக்க மூலையில் மாமா கடைக்கு ஒரு சின்ன விளம்பரம்; அதற்குள் புள்ளிக்கோடு போட்ட கூப்பன். வெட்டிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு எவர்சில்வர் ஸ்பூன். எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் வரும் கூப்பன்களை எண்ணினால், படிக்கிறவர்கள் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

“வரலைன்னா?” என்றார் மாமா.

“வரலைன்னா இனி விளம்பரம்னு ஒங்க கடைப் படி ஏற மாட்டேன் மச்சான்.”

“சோத்துக்கு வருவியா, அதுக்கும் வர மாட்டியா?”

திங்களும் செவ்வாயும் பள்ளி விட்டதும் மாமா கடைக்குப் போனேன். கூப்பன் குத்துவதற்காக மேசைமேல் வைத்திருந்த கம்பி வெறுமையாக நின்றது. “என்ன தாயி, ஒங்கப்பன் பேப்பர எழுத்துக்கூட்டக்கூட ஆளில்ல போல” என்றார் மாமா.

விற்காத பிரதிகளை அப்பா கட்டிலுக்கடியில் கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை எண்ணி அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவார். புதன்கிழமை அந்தக் கட்டைப் பிரித்தேன். அடிமட்டம் வைத்து, பிளேடால், ஒரு கோணல் இல்லாமல் பதினேழு கூப்பன்கள் வெட்டினேன். மறுநாள் கன்னியர் பள்ளியில் என் வகுப்புப் பெண்களுக்கு அவற்றைக் கொடுத்து, இரண்டு நிபந்தனைகள் போட்டேன்: சீருடையில் போகக் கூடாது, என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. முதலாவதைக் காப்பாற்றினார்கள். இரண்டாவதைத் தேவைக்கு மேலேயே காப்பாற்றினார்கள். ஒருத்தி, கேட்காமலேயே, “எங்க கிளாஸ்ல யாரும் சொல்லி வரல அங்கிள்” என்றாளாம்.

வெள்ளிக்கிழமைக்குள் கம்பி நிறைந்துவிட்டது. மாமா வழக்கமான கேலியைக்கூடச் செய்யவில்லை. அன்று அப்பா கடைப் பக்கம் வந்தபோது, வா என்றுகூடச் சொல்லாமல் அண்டாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோற்ற கோபம் என்று நினைத்து நான் உள்ளுக்குள் குதித்தேன்.

சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது ஓர் இளம்பெண் படியோரம் தயங்கி நின்றாள். கையில் ஒரு காகிதத் துண்டு. ஓரமெல்லாம் பிய்ந்து, எண்ணெய் ஊறி, மறுபக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது.

“அண்ணே, இதுக்கு ஸ்பூன் குடுப்பீகளாமே. எண்ணெ பட்டிருச்சு. செல்லுமா?”

மாமா அதை வாங்கி முகர்ந்தார். “ஆமவடையா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேடசந்தூர் பக்கம் மில்லு வேலைண்ணே. நேத்து வடை வாங்குனேன், அதுல மடிச்சிருந்துச்சு. ரூமுல நாலு பேரும் படிச்சோம். நீ போ நான் போன்னு ஒரே சண்டை. நான்தான் கிழிச்சுட்டு ஓடியாந்தேன்.”

“நாலு பேருமா?”

“விரிச்சு வச்சு, ஒரு எழுத்து விடல.”

மாமா அவளுக்கு ஸ்பூனைப் பொறுக்கி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அந்தத் துண்டைக் கம்பியில் குத்தாமல் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா கட்டைப் பிரித்தார். ஒரு பிரதியைத் தூக்கி விரித்தார். மூன்றாம் பக்கத்துச் சதுர ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் என்னைப் பார்த்தது.

“எத்தன?”

“பதினேழு.”

அடிப்பார் என்று நினைத்தேன். கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றி மாமா கடைக்குக் கூட்டிப் போனார்.

“மச்சான், அதுல பதினேழு எம் மக வெட்டுனது. எனக்கு இப்பத்தான் தெரியும். கழிச்சிருங்க.”

மாமா கம்பியிலிருந்த கூப்பன்களை உருவி மேசையில் தட்டினார். பதினேழும் ஒரே அளவில், சீட்டுக்கட்டுப் போல நின்றன.

“அடிமட்டம் வச்சு வெட்டிருக்கு. ரெண்டாவது பிள்ளை வந்தப்பவே தெரியும் மாப்ள. ஆரு வெட்டுனதுன்னுதான் தெரியல.” குரல் கொஞ்சம் இறங்கியது. “நீயோன்னு நெனச்சுட்டேன்.”



மாமா கண்ணாடிக்கடியிலிருந்து எண்ணெய்த் துண்டை எடுத்து நீட்டினார். “கழிச்சா இது ஒண்ணுதான் நிக்கிது. ஆனா இதுல நாலு பேரு இருக்காக. வடை மடிச்ச பேப்பரையே நாலு பேரு படிக்கிறாகன்னா, வாங்குன வீட்டுல எத்தன பேரோ! தீவாளிக்கு அரைப் பக்கம் எழுதிக்க.”

அதன் பிறகு, மேசைக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியில் அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு, டீ வாங்க அவரே போனார்.

எனக்கு அழுகையாக வந்தது. அவ்வளவு நேர்த்தியாக வெட்டிய பதினேழும் கழிந்து, ஒரு வடைக் காகிதம் ஜெயித்துவிட்டது. திரும்பும் வழியில் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து கேட்டேன்: “அப்பா, ஒண்ண விட பதினேழு பெருசுதான?”

அப்பா மூச்சு வாங்க மிதித்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு என் உச்சந்தலையில் சூடாக விழுந்தது. அப்பா கணக்கில் கொஞ்சம் மட்டு என்று நினைத்துக்கொண்டேன்.