முடிச்சுப் போடாத சட்டைகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. அண்ணன் ஐந்தாவதோடு ஏர் பிடிக்கப் போய்விட்டான். தினமும் திருச்சுழிக்குப் பஸ்ஸேறிப் போய்ப் படித்து வந்தவள் என்பதால் தெருவில் நடக்கும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். அதை நான் மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு பீரியடு தையல் வகுப்பு உண்டு. துண்டுத் துணிகளில் ஓட்டுத்தையல், கெட்டித்தையல், காஜா எல்லாம் போட்டு அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். காகிதத்தில் அளவு வரைந்து, அதை வைத்துக் குழந்தைச் சட்டை ஒன்று வெட்டித் தைக்க வேண்டும். தையல் டீச்சர் என் சட்டையைத்தான் மேசையில் விரித்து மற்றவர்களுக்குக் காட்டினார். படிப்பு முடிந்ததும் அப்பா ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிப் போட்டார். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைச் சட்டை மட்டும் யாருக்கும் தைத்ததில்லை. எங்கள் வீட்டில் அதைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

அண்ணனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதல் பிள்ளைக்குப் பிறக்கும்போதே உயிரில்லை. இரண்டாவது சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு மதினி மூன்றாவதாக உண்டானபோது வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய்திறந்து பேசவில்லை. வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது, நாங்களோ மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்பு அதற்கென்று எதுவும் எடுக்க மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். பிறந்து பதினாறு நாள் கழியும் வரை பழந்துணிதான். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இன்னும் இறுகிப்போய்க் கிடந்தது.

ஒரு நாள் நானும் மதினியும் அருப்புக்கோட்டைக்கு லோடு ஏற்றுவதற்காகப் பருத்தியில் ஒட்டியிருந்த சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா காட்டுக்குப் போயிருந்தாள். மதினி ஒரு சுளைப் பஞ்சைக் கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏத்தா, உன் கையால இதுக்கு ஒரு சட்டை தைச்சுத் தாரியா?"

எனக்கு முதலில் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவையும் ஒண்ணும் தைக்காமத்தான இருந்தோம். என்ன ஆச்சு? வருமோ வராதோன்னு வாசல்லயே நிப்பாட்டி வச்ச மாதிரி இருந்தோம். இதுக்காவது, உனக்குன்னு இங்க ஒரு சட்டை இருக்கு, வான்னு சொல்லிப் பாப்போமே."

சொல்லிவிட்டு அடுத்த சுளையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை டவுனுக்குப் போனபோது மெல்லிய வெள்ளைத் துணி வாங்கி வந்தேன். தையல் வகுப்பில் வரைந்த அதே அளவைக் காகிதத்தில் வரைந்து வெட்டினேன். மிஷினில் தைத்தால் யாருக்கு ஜாக்கெட் என்று அம்மா பார்க்க வருவாள். அதனால் கையாலேயே இரண்டு மூன்று சட்டைகள் தைத்து, மிஷினுக்கு அடியில் இருந்த ஜாக்கெட் துணிகளுக்குள் சொருகி வைத்தேன். அம்மா இல்லாத நேரம் பார்த்து மதினியிடம் எடுத்துக் காட்டுவேன். அவள் சட்டையின் கைக்குள் தன் இரண்டு விரல்களை விட்டு ஆட்டிப் பார்ப்பாள். அந்த நாட்களில் அவள் தன்னை மறந்து வயிற்றைத் தடவிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மூட்டை கட்டக் கயிறு அறுப்பதற்குக் கத்தரிக்கோல் தேடி வந்த அம்மாவின் கையில் அந்தச் சட்டைகள் அகப்பட்டுவிட்டன.

அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். சட்டைக்கும் பிள்ளையின் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பிள்ளை ஏன் தங்கவில்லை என்று டாக்டரைக் கேட்க வேண்டுமே தவிரத் துணியைக் கேட்கக் கூடாது என்றேன். பாடத்தில் படித்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மா தன் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

பெட்டிக்குள் அவளுடைய முகூர்த்தச் சேலைக்குப் பக்கத்தில் ஒரு துணி இருந்தது. இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூப்போட்டது. கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. பெரியவர்களுக்கு எதுவும் தைக்கக் காணாது.

அது என்ன என்று கேட்டேன்.

"போன தடவை எடுத்தது. ஒம்பதாம் மாசம். சந்தையில பாத்தேன், ஆசையா இருந்துச்சு. ஒருத்தருட்டயும் சொல்லல." என் வெள்ளைச் சட்டைகளை அதன்மேல் வைத்துப் பெட்டியை மூடினாள். "உங்க மதினிக்குத் தெரிய வேணாம்."

மூன்று வருஷமாக அம்மா அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துணியைப் பார்த்திருக்கிறாள். அதைத் தூக்கி எறியவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

சட்டைகளை அம்மா எடுத்து வைத்துவிட்டாள் என்று மட்டும் மதினியிடம் சொன்னேன். சரி என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் கை வயிற்றுப் பக்கம் போகவில்லை. தட்டில் போட்ட கம்மஞ்சோறு பாதி அப்படியே இருக்கும். அண்ணன் ஏன் என்று கேட்டால் பசிக்கவில்லை என்பாள். வேலை எல்லாம் செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அண்ணன் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வரப்போகிற பிள்ளையை அவள் மறுபடியும் வாசலில் நிறுத்திவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மிச்சம் வைத்த தட்டை ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கழுவியவள் அவள்தான்.

சில நாள் கழித்து, நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பழந்துணில தைக்கலாம்" என்றாள்.

நான் ஊசியை நிறுத்தினேன்.

கடைத்துணி கூடாது, வீட்டுத்துணியும் கூடாது என்றாள். பிள்ளைகள் நல்லபடியாக வளர்ந்த வீட்டில் கேட்டு வாங்கிய துணியாக இருக்க வேண்டும். அதைப் பிள்ளையின் அத்தைக்காரிதான் முந்தி ஏந்திக் கேட்க வேண்டும். இன்னொன்று, தைத்தாலும் பிள்ளை பிறக்கும் வரை எந்தத் தையலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

"முடிச்சு விழாத வரைக்கும் அது சட்டை இல்ல, பழந்துணிதான். யாரு வந்து கேட்டாலும் நான் சொல்லிக்கிருவேன்."

யார் வந்து கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா யாருடனோ மனதுக்குள் பல நாளாக வாதாடி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மட்டும் புரிந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுடைய வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கவும் மனம் வரவில்லை.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. பிள்ளையின் அத்தை நான் ஒருத்திதான். அம்மா சொன்ன வீடு, மேலத்தெருவில் இருந்த பெரியம்மா வீடு. எனக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா. வீடு நிறையப் பிள்ளை பெற்று, ஒன்றுகூடத் தவறாமல் வளர்த்தவர். பொம்பளைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அவர் ஒருமுறை கேட்டபோது, உங்கள் வீட்டுக்கு லெட்டர் வந்தால் வாசித்துக் காட்ட ஆள் வேண்டாமா என்று நான் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருந்தேன். அதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நான் போனபோது அவர் இன்னும் நாலைந்து பெண்களோடு முற்றத்தில் உட்கார்ந்து வற்றல் மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. எங்க வீட்டுக்கு லெட்டரு ஒண்ணும் வரலையே" என்றார்.

பழந்துணி இருந்தால் கொடுங்கள் பெரியம்மா என்றேன்.

"பன்னெண்டாப்பு படிச்சா பழந்துணிதான் குடுக்காகளா? இது தெரிஞ்சிருந்தா என் மகளையும் அனுப்பியிருப்பேனே." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மிளகாய் நெடியில் ஒருத்தி சிரிப்பும் தும்மலுமாகத் திணறினாள்.

எனக்குக் காது சுட்டது. திரும்பி நடந்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது. அம்மாவிடம் வீடு பூட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். தாவணி முந்தியை இடுப்பிலிருந்து உருவி இரண்டு கையாலும் விரித்து ஏந்தினேன்.

பெரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எதற்கு என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிளகாய்க் கையைச் சாணித்தரையில் துடைத்து, பிறகு தண்ணீர் மோந்து நன்றாகக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் மாதிரி மெத்தென்று ஆகிவிட்ட ஒரு பழைய வேட்டியோடு வந்தார்.

"என் பிள்ளைக அம்புட்டும் இதுலதான் கெடந்துச்சுக. எங்க வீட்டுப் பிள்ளையா நெனச்சுத் தாரேன், கொண்டு போ" என்று முந்தியில் போட்டார். நான் நகர்வதற்குள் வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "நில்லு. பாதியக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போ. எனக்கும் பேரன் வருவான்ல."

பாதி வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற மதினி அதை என் முந்தியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒளிக்க வேண்டியதில்லை. வேட்டியைக் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்தினோம். பழந்துணியை மிஷினில் வைத்தால் ஊசி குத்திய இடமெல்லாம் விரிந்தது. அதனால் இந்தத் தடவையும் கைத்தையல்தான். மடிப்புகள் குழந்தையின் தோலில் உரசாமல் இருக்கத் தையலை வெளிப்பக்கமாக வைத்தேன். பின்பக்கம் கட்டுவதற்கு நாடாவும் அதே துணியில். இடுப்பில் கட்ட முக்கோணத் துணிகள், ஒரு குல்லா, தலைக்கு வைக்க உமி அடைப்பதற்கு ஒரு சின்ன உறை. ஒவ்வொரு தையலின் கடைசியிலும் முடிச்சுப் போடாமல் ஒரு விரல் நீளத்துக்கு நூலைத் தொங்கவிட்டேன். தையல் டீச்சர் பார்த்திருந்தால் மார்க்கே போட்டிருக்க மாட்டார். அம்மா ஒவ்வொன்றையும் வாங்கிக் கட்டைவிரலால் தடவி, எங்காவது முடிச்சு தட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகுதான் கீழே வைப்பாள்.

இதில் எனக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. மதினி ஆசைக்குச் சட்டைகளை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். உதறுவாள், மடிப்பாள், மறுபடியும் பிரிப்பாள். முடிச்சில்லாத நூல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே வரும். ஒரு நாள் ஒரு கை தனியாகவே கழன்று வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உன் மருமக இப்பவே கிழிக்க ஆரம்பிச்சுட்டா" என்றாள். மருமகள் என்று அவள் சொன்னதைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கையைத் திரும்பப் பொருத்தினேன். அன்று மதினி சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு வெயில் நேரத்தில் வலி எடுத்தது. அண்ணன் பிடித்து வந்த காரில் அருப்புக்கோட்டை ஆசுபத்திரிக்குப் போனோம். அம்மா மடியில் துணி மூட்டையை வைத்திருந்தாள். நான் ஊசியை என் தாவணி ஓரத்தில் குத்தி வைத்திருந்தேன். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, டவுனுப் பஸ் சத்தத்துக்கு நடுவே மெலிதாக ஓர் அழுகை கேட்டது. நின்றது. பிறகு ஓங்கிக் கேட்டது. கதவைத் திறந்த நர்ஸ், பெண் பிள்ளை, இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"முடிச்சப் போடு."

ஜாக்கெட்டுக்கு ஊக்கும் காஜாவும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற கை அது. அன்றைக்கு ஒரு முடிச்சுப் போட முடியாமல் நூல் நழுவிக்கொண்டே இருந்தது. அம்மா சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் முடிச்சு விழுந்ததும் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

வார்டில் பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுத் தூக்கி வந்த நர்ஸ், "இது யாருக்குத் தைச்சது? இவளுக்கு அண்ணன் இருக்கானா?" என்று சிரித்தார். நான் வகுப்பில் படித்த அளவு ஆறு மாதக் குழந்தைக்கு உரியது. இவளோ உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். கை இரண்டும் சட்டைக்குள்ளேயே காணாமல் போயிருந்தன. நகத்தால் முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்க அப்படித்தான் தைத்தேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். மதினி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு உண்மை தெரியும்.

பதினாறு கழிந்த அன்று அம்மா தகரப் பெட்டியைத் திறந்து என் வெள்ளைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். அவற்றுக்கு அடியில் இருந்த இளஞ்சிவப்புத் துணியையும் எடுத்து, சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என் மடியில் போட்டாள்.

"இதுலயும் ஒண்ணு தைச்சுப் போடு."

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மதினி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கே. எப்ப எடுத்தீக அத்தை?"

"இப்பத்தான். சந்தையில" என்றாள் அம்மா.

துணியை விரித்தேன். மூன்று வருஷ மடிப்பு விழுந்த இடத்தில் பூக்கள் வெளுத்து, நீளவாக்கில் ஒரு கோடு ஓடியது. புதுத்துணி இல்லை என்பதை யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். காகித அளவை நான் அன்று எடுக்கவில்லை. பிள்ளையின்மேலேயே துணியைப் போட்டு அளந்தேன். அந்த வெளுத்த கோடு பக்கத்துத் தையலுக்குள் மடிந்து போகிற மாதிரி வைத்து வெட்டி, மிஷினில் கொடுத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன்.