பின்னால் வைத்த கால்

நான் ஓய்வுபெற்ற பாடசாலை உப அதிபர். செட்டிகுளத்தில் எங்கள் பிள்ளையார் கோயிலின் பரிபாலன சபைத் தலைவனாகவும் இருந்தேன். அங்கே எனக்கு முன் எவரும் திருநீறு பெற்றதில்லை. என் நிலை இன்னதென்று தெரிந்தாற்றான் நான் செய்ததும் விளங்கும்.

1998ஆம் ஆண்டு தொடக்கத்தில் என் வலக்கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார் வவுனியா வைத்தியர். நடுக்கத்தைச் சால்வைக்குள் மறைத்தேன். கைத்தடியை மறுத்தேன். கோயிலில் பலர் பார்க்க என்னைப் பிடிக்கக்கூடாது என்று மனைவி பராசக்திக்குக் கட்டளையும் இட்டேன்.

ஆவணிச் சதுர்த்திப் பூசை முடிந்தது. மூலஸ்தானத்துக்கு முதுகு காட்டாமல், கும்பிட்ட கையோடு பின்னடியாக விலகுவது எங்கள் வழக்கம். அப்படியே விலகினேன். திடீரென்று கால் வரவில்லை. உடல் மட்டும் பின்னால் சாய்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற பராசக்தியின்மேல் விழுந்தேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது.

ஏன் என்னைப் பிடிக்கவில்லை என்று, வெட்கமின்றி, அவளையே கேட்டேன்.

"நீங்கள்தானே தொடவேண்டாமெண்டு சொன்னனீங்கள்," என்றாள். அதிற் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன்பின் நோய் மாறவேண்டுமென்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. 'அப்பனே, இனி நான் அவள்மேல் விழக்கூடாது' என்பது ஒன்றே என் வேண்டுதலாயிற்று.

வெளிநாடுகளில் மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி மின்சாரத்தால் இந்நோயைத் தணிக்கிறார்கள் என்று ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் வாசித்திருந்தேன். வைத்தியரிடம் அதைக் கேட்டேன்.

"அது எங்களுக்கு எட்டாத கதை, ஐயா. மருந்தை ஒழுங்காப் போடுங்கோ. விழேக்க பின்னால ஒரு பெரிய அடி வைக்கப் பழகுங்கோ. ஆனா பழகிறதுக்கு ஆராவது உங்களைப் பின்னுக்கு இழுத்துவிடவேணும்," என்றார்.

வீட்டில் இழுப்பதற்கு அவள் ஒருத்தியே. கட்டிலுக்குச் சற்று முன்னால் நான் நிற்பேன். பக்கத்தில் நின்று அவள் இடக்கையால் என் சால்வையைப் பின்னுக்கு இழுப்பாள். முதலில் ஒவ்வொரு முறையும் கட்டிலில் விழுந்தேன். "கட்டிலுக்கும் கை முறியப்போகுது," என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் முன் அதே வேண்டுதலைச் சொல்லிக்கொண்டேன். மெல்ல மெல்லக் கால் பின்னால் போய் ஊன்றக் கற்றது.

தைப்பொங்கலன்று கோயிலுக்குப் போனோம். சனங்கள் பார்த்திருக்க, "இஞ்சரும், என்னைப் பிடியும்," என்றேன். தோளைப் பிடித்தாள். பின்னடி வைத்தபோது பழைய சாய்வு வந்தது. அவள் பிடி இறுகுமுன் என் கால் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. நின்றேன்.

"இண்டைக்கு என்னில விழேல்லை," என்றாள் காதருகில். பிள்ளையாரின் முன் அழுதேன்.

திருநீற்றுக்கு இப்போது கடைசியாகவே நிற்கிறேன். அடியவர்களே, துன்பத்தில் அவனிடம் கேளுங்கள். அவன் தரும் உதவி உங்கள் பக்கத்திலேயே நிற்கலாம். உங்கள் கௌரவத்தால் அதைத் தடுத்துவிடாதீர்கள்.

என் நோய் அடியோடு மாறியதென்றும், கொழும்பில் எனக்கு மூளைக்குள் கம்பி வைத்தார்களென்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டும் பிழை. என் கை இன்னமும் நடுங்குகிறது. பராசக்தியின் மணிக்கட்டு இன்னமும் நேராகவில்லை.