கரடும் கமிட்டியும்

காடு காக்கும் கமிட்டியில் சேர்ந்தால் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கமிட்டி இருந்து, அதில் நீங்களும் மாட்டியிருந்தால் என் பாடு புரியும். நான் சாணார்பட்டிப் பக்கம் ஜாக்கெட் தைக்கிறவள். ஊருக்கு மேற்கே ஒரு கரடு. குன்றும் அதைச் சுற்றிய காடும் அரசாங்கத்துக்குச் சொந்தம். எங்கள் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் கிடப்பது அதனால்தான்.

பதவி வந்த விதம்

கரட்டை ஒட்டித் தோப்பு வாங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், காட்டுக்குள்ளேயே வேலிக்குச் சிமெண்டுக் கால் ஊன்ற ஆரம்பித்தார். ஊர் கூடியது. மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கும் மாரிமுத்து அண்ணனைத் தலைவராக்கினார்கள். செயலாளர் யார் என்றதும் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள்.

நான் கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் போட்ட டேப்பைக்கூடக் கழற்றாமல் வேடிக்கை பார்க்க நின்றேன். அதுதான் தப்பு. அண்ணன் கண் என் கழுத்தில் விழுந்தது.

"செல்வி இருக்கட்டும்யா. எம்புட்டு தூரம் உள்ள வந்திருக்கான்னு அளக்கணும்ல, டேப்பு அதுகிட்டதான இருக்கு!"

மரத்துக்கு அளவு

வேலிக்குள் சிக்கிய மரங்களைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார் வனக்காப்பாளர். ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை, பேச்சில் அவ்வளவு மரியாதை. நானும் அண்ணனும் மரம் மரமாகக் கட்டிப்பிடித்து அளந்தோம். அண்ணன் அளவைக் கத்துவார், நான் எழுதுவேன். அவசரத்தில் கொண்டுபோனது கடையின் ஆர்டர் நோட்டு. கை அதன் பழக்கத்துக்கு எழுதியிருக்கிறது. காப்பாளர் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க அக்கா, எல்லாஞ் சரிதானுங்க. இந்தப் புளிய மரத்துக்கு நேரா 'லைனிங் உண்டு, வெள்ளிக்கிழமை டெலிவரி'ன்னு போட்டிருக்குதுங்களே?"

திருடனைப் பிடித்தோம்

பட்டியல் போன பிறகு, யாரோ மரம் வெட்ட வருகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு நாள் காலையிலேயே பத்துப் பேர் போய்ப் புதருக்குள் பதுங்கினோம். எறும்பு கடித்தாலும் கத்தக் கூடாது என்பது தலைவர் உத்தரவு. முதலில் கத்தியது தலைவர்தான்.

கத்திய மறுநிமிடம் எதிர்ப் புதரிலிருந்து ஒரு கூட்டம் எழுந்து வந்து எங்களைச் சுற்றி வளைத்தது. நாங்கள் அவர்களை வளைத்தோம். "யாரு நீங்க?" என்றார் அண்ணன். "காடு காக்குற கமிட்டி" என்றார்கள். "அது நாங்கள்ல!" என்றார் அண்ணன். பார்த்தால், கரட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் ஒரு கமிட்டி. ஒரு மாதமாக எங்களைத் திருடர்கள் என்று நினைத்து வேவு பார்த்திருக்கிறார்கள். சிரித்து ஓய்ந்து, அவர்கள் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். அவர்கள் தலைவி நாகம்மாள் அக்கா சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லவேளை தாயி, திருடன் வரல. வந்திருந்தா சோறு பத்தியிருக்காது."

பொக்லைன்

அடுத்த வாரமே மரங்களைச் சாய்த்துப் பாதை போட பொக்லைன் வந்துவிட்டது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பாளருக்குப் போன் போட்டுவிட்டு, இரண்டு ஊர்க்காரர்களும் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம். பூ வாடிவிடுமே என்று பெண்கள் மல்லிகையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் செத்த நேரம் ஹாரன் அடித்தார். வெயில் ஏற ஏற இஞ்சினை நிறுத்தினார். அப்புறம் இறங்கி வந்து எங்கள் புளிய மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். தோப்புக்காரர் போனில் கத்துவது எங்களுக்கே கேட்டது. டிரைவர் படுத்தபடியே பதில் சொன்னார்:

"எங்க போக மொதலாளி? நீங்க வெட்டச் சொன்ன மரத்து நெழல்லதான் கெடக்கேன். இங்க வேற நெழல் இல்ல."

போர்டு

மத்தியானம் காப்பாளர் தன் அதிகாரிகளோடு வந்தார். பொக்லைன் வந்த வழியே திரும்பியது. சர்வே நடந்து, சிமெண்டுக் கால்களைத் தோப்புக்காரரே பிடுங்கிக்கொண்டு போனார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எல்லைக்கல் நட்டு, பெரிய போர்டும் வைத்தார்கள். மாரிமுத்து அண்ணன் பெருமையாக அதன் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அனுமதியின்றி உள்ளே நுழைபவர் தண்டிக்கப்படுவர்.' அவர் முகம் மெல்ல மாறியது.

"ஏத்தா செல்வி, இம்புட்டு பாடுபட்டு நம்மளையும்ல வெளிய நிப்பாட்டிட்டோம்!"

இப்போது காப்பாளரிடம் அனுமதி வாங்கி இரண்டு ஊரும் முறை வைத்துக் கரட்டைச் சுற்றி வருகிறோம். மரமெல்லாம் நன்றாகப் பெருத்திருக்கிறது, கமிட்டிதான் இளைத்துவிட்டது.