அய்யா கதை அச்சில் வந்தது

ஆற்றங்கரைச் சொற்களெல்லாம் எனக்குக் கோவில்பட்டி நூலகத்தில் நாவல் எடுத்துப் படித்துத்தான் தெரியும். மதகு, படுகை, நாற்றங்கால். எங்கள் கரிசலில் இதில் எதைக் கண்ணால் பார்த்தோம்? 'ரேழியில் படுத்திருந்தார்' என்று படித்துப் படித்து, ரேழி ஏதோ கட்டில் வகை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள இடம் என்பது நாலைந்து நாவல் தாண்டித்தான் பிடிபட்டது. எனக்காக யாரும் அதை மாற்றி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. புரியாதவள்தானே மெனக்கெட வேண்டும்?

போன வருஷம் என்னைப் பெற்ற அய்யாவைப் பற்றி ஒரு கதை எழுதினேன். எங்கள் பக்கம் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. அய்யா அப்படித்தான் போட்டார். மழை ஏமாற்றியது. மறுபடி விதை வாங்கிப் போட்டார், மறுபடியும் ஏமாற்றியது. விதைத்த காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச்சேர்ந்தார்.

சென்னைப் பத்திரிகையிலிருந்து ஆசிரியர் போன் பண்ணினார். "கதை பிரமாதம் மேடம். சில வார்த்தைதான் நம்ம வாசகர்களுக்குப் புரியாது."

"புரியலைன்னா யாருகிட்டயாவது கேட்டுக்கிடட்டும். நாங்க தெரிஞ்சுக்கிடலையா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "பாத்துக்கலாம்" என்றார். பெரிய மனுசன் பார்த்துக்கொண்ட லட்சணம் இதழ் வந்தபோதுதான் தெரிந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யார் கதை என்று சொல்லாமல் வாசித்துக்காட்ட வேண்டும், 'ஏட்டி, இது உங்கய்யால்லா' என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே எழுதிய கதை. கவரைக் கிழித்த கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டாவது பத்தியிலேயே நாக்கு தடுக்கியது. காடு வயலாகியிருந்தது. புழுதி விதைப்பு நாற்று நடவாகியிருந்தது. அய்யா, அப்பாவாகியிருந்தார். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் என் அய்யா நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படித்த முட்டாளை என்ன சொல்லித் திட்ட? ஆனாலும் அய்யா விழுகிற இடத்திலாவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. கடைசிவரை வாசித்தேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு வீட்டு ஆம்பிளையோ, பாவம். தண்ணி கெடக்குத ஊருலயும் மனுசன் இப்படித்தான் சாகுதான் போலுக்கு" என்றாள்.