தெருவைப் பார்த்த திரைச்சீலைகள்

பணம் போட்டிருந்த ஃபண்டிலிருந்து முதல் ஈவுத்தொகை வங்கிக்கணக்கில் வந்து விழுந்த அன்று தையல்காரிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. இதற்கு நன்றி சொல்லி யாருக்குக் கடிதம் எழுதுவது? இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துப் பிழைப்பவள். யார் பணம் கொடுத்தாலும் நன்றி சொல்லித்தான் வாங்கிப் பழக்கம். அந்த ஃபண்டில் பங்கு வைத்திருப்பவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போய் ‘ஊசி’ என்று தனக்கொரு பெயரும் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்வியை அப்படியே கேட்டுவைத்தாள்.

சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், பாவம். ‘கடைசி பெஞ்ச்’ என்ற பெயரில் எழுதுகிறவர், கடிதத்தோடு ஒரு பூங்கொத்தும் சேர்த்து அனுப்பச் சொன்னார். ‘பொறுமைசாலி’ என்று ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஃபண்ட் என்ன செய்கிறது என்று அவளுக்குப் புரிகிற பாஷையில் எழுதினார். உங்களைப் போல ஆயிரக்கணக்கான பேர் போட்ட பணத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள், கட்டடம் அடமானம், கட்டியவர் வீடுகளை விற்றால் வட்டி வரும், அதில் உங்களுக்கும் ஒரு பங்கு வரும் என்றார். விற்காவிட்டால்? என்று கேட்டாள். அதைத்தானம்மா நாங்கள் தினமும் இங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்றார்.

அன்று தொடங்கி மூன்று வருடம், ஆண்டறிக்கையின் ஒவ்வொரு பக்கத்தையும் அவளோடு படித்தார் அந்த மனிதர். முகம் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சொந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இத்தனை தடவை அலுத்துக்கொள்ளாமல் சொல்லியிருப்பானா என்று தையல்காரி தங்கையிடம் கேட்பாள். இருந்திருந்தால் முதலில் உன்னிடம் கடன் கேட்டிருப்பான் என்பாள் தங்கை.

தங்கைக்கு ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. கால்களின் பலமும் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டதாகத் தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். அவளைக் குளிப்பாட்டி, நாற்காலியில் ஏற்றி, பகல் முழுக்கக் கூட இருக்க ஒரு அம்மா வருகிறார். நர்ஸ் படிப்பு படிக்காவிட்டாலும் அவருக்கு இந்த வீட்டில் நர்ஸம்மா என்றுதான் பெயர். பெற்றோர் வீட்டை விற்ற பணம் முழுவதும் அந்த ஃபண்டில் இருந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை வரும் ஈவுத்தொகைதான் நர்ஸம்மாவின் சம்பளம். அது நின்றால் நர்ஸம்மாவும் நின்றுவிடுவார். நர்ஸம்மா நின்றால், ஒன்று தையல் நிற்க வேண்டும், அல்லது தங்கை ஏதாவது ஒரு ஹோமுக்குப் போக வேண்டும்.

பங்கின் விலை நூறிலிருந்து எழுபதுக்கு இறங்கியது. அந்த இணையப் பக்கமே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டியது. ஃபண்ட் கொடுத்த கடன்களிலேயே பெரியது, ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு பெரிய அடுக்குமாடிக்குக் கொடுத்தது. பத்தில் ஒன்பது வீடு விற்றாயிற்று என்கிறது அறிக்கை. நிஜம்தானா?

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று ஒரு நாள் கடைசி பெஞ்ச் நேரில் கிளம்பிப் போய்விட்டார். பொழுது சாயும் நேரத்தில் கட்டடத்தின் எதிரில் நின்று எடுத்த படங்களை மறுநாள் காலை போட்டார். மாடிக்கு மாடி விளக்கு. ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை, அதுவும் விதவிதமாக. ஆட்கள் குடிவந்தாயிற்று. எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. பொறுமைசாலி, தன் வீட்டின் மேல் கடன் வாங்கியாவது நாளைக் காலையில் இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கப்போவதாக எழுதினார். இந்த விலைக்கு இனிமேல் கிடைக்காதாம். பெயருக்கேற்ற பொறுமை அன்று அவருக்கும் இல்லை.

தையல்காரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சள் பூப்போட்ட துணி, பச்சைக் கட்டம், நீலக் கோடு, இலை போட்டது. நான்கும் அவள் தைத்தவை.

போன வருடம் ஒரு வீட்டு அலங்காரக்காரர் மூலம் வந்த வேலை அது. யாருக்கு, எந்தக் கட்டடத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நான்கு துணியில் அறுபத்துநான்கு ஜன்னல். லைனிங் வேண்டாம். துணியின் நல்ல பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி தைக்க வேண்டும். திரைச்சீலையின் பூ வீட்டுக்குள் இருப்பவரைத்தான் பார்க்கும், தெருவுக்குத் தெரிவது அதன் முதுகு. இது தெரியாமல் சொல்கிறாரே என்று இரண்டு தடவை கேட்டாள். வெளியே அழகாகத் தெரிந்தால் போதும் என்றார் அவர். அப்படியே தைத்தாள், கூலி வாங்கினாள், நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள். பணக்காரர் ரசனை அப்படியிருக்கும் என்று நினைத்து மறந்தும்போனாள்.

இப்போது அந்தப் பூக்கள் அத்தனையும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. காசு கொடுத்து வீடு வாங்கியவன் எவனும் திரைச்சீலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு குடியிருக்க மாட்டான். உள்ளே யாரும் இல்லை.

படத்தைக் காட்டித் தங்கையிடம் சொன்னாள். தங்கைக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

“மொதல்ல நம்மளோடத வித்துடு அக்கா. வித்துட்டு அப்புறம் நிதானமா எழுது.”

“நான் விக்கிறத யாரு வாங்குவா?”

“யாரோ வாங்குறாங்க. உனக்கென்ன?”

“யாரோ இல்லடி. வாங்கப்போறேன்னு அவருதானே எழுதியிருக்காரு.”

நீ சொல்லு, நான் டைப் அடிக்கிறேன் என்று தங்கை கை நீட்டினாள். அக்காவுக்கு அப்போது கண்ணில் நீர் வந்துவிட்டது.

அலங்காரக்காரரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினார்கள். எத்தனை ஜன்னல், என்ன துணி, எந்தப் பக்கம். பங்கை இன்னும் விற்கவில்லை என்பதையும் கடைசியில் சேர்த்தாள் தங்கை.

அரை மணி நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நன்றாகவே திறந்தார்கள். விலையை இறக்க யாரிடம் காசு வாங்கினாய் என்றுகூட ஒருவர் கேட்டார். துணி தைக்கிறவளுக்குக் கம்பெனி விவகாரம் என்ன தெரியும் என்றார் இன்னொருவர். கடைசி பெஞ்ச் யாரோடும் சண்டை போடாமல் மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இந்தமுறை கட்டடத்தின் பின்பக்கம். அங்கே ஒரு ஜன்னலிலும் ஒரு முழத் துணியோ ஒரு விளக்கோ இல்லை. உள்ளே பூசாத சுவர், வெறும் சிமெண்ட் தரை. லிஃப்ட் வர வேண்டிய இடத்தில் பலகை அடித்திருந்தது. முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து வந்த என்னைக் கடைசி பெஞ்சிலிருந்தும் எழுப்பி வெளியே அனுப்புங்கள் என்று எழுதினார்.

எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு ஃபண்டின் இயக்குநர்களைக் கேள்வி கேட்டார்கள். இரண்டு மாதம் மழுப்பிவிட்டு, விற்ற வீடுகளில் பெரும்பாலானவை கட்டியவரின் உறவுக்காரர்களுக்குக் காகிதத்தில் மட்டும் விற்றவை என்று ஒப்புக்கொண்டார்கள். நிர்வாகி மாறினார். பங்கு விலை நாற்பத்தைந்து. ஈவுத்தொகை ஒரு வருடத்துக்குக் கிடையாது.

அவள் பெயர் சொல்லாவிட்டாலும் அலங்காரக்காரருக்கு விஷயம் எட்டிவிட்டது. அவரிடமிருந்து வந்துகொண்டிருந்த வேலை அடியோடு நின்றது. தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு மூன்று வாரம் ஆயிற்று. நர்ஸம்மா ஒரு மாதச் சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, எத்தனை மாதம் சொல்வார்?

“ஹோம்னா என்ன, அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும்.” தங்கை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தையல்காரி எழுந்து சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

அங்கிருக்கும்போதுதான் தங்கை கூப்பிட்டாள். அந்த இணையப் பக்கத்தில் பொறுமைசாலி எழுதியிருந்தார். அன்றிலிருந்து அவர் அதிகம் எழுதுவதில்லை. தங்கை சத்தமாகப் படித்தாள்.

“ஊசியம்மா, அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நான் வாங்கியிருப்பேன். இன்னிக்கு எனக்கு வீடே இருந்திருக்காது. இப்போ வீடு இருக்கு. அதுல ஏழு ஜன்னல் இருக்கு. அளவு கீழ போட்டிருக்கேன்.”

ஏழு ஜன்னலின் அகலமும் உயரமும் அங்குல சுத்தமாக இருந்தன. அதற்குக் கீழே இன்னொருவர், நான்கு ஜன்னல். காசு வாங்கினாயா என்று கேட்டவர், மன்னிப்போடு ஐந்து ஜன்னல். ஃபண்டின் லாபநஷ்டம் பேச வைத்த இடத்தில் சாயங்காலத்துக்குள் அளவுகளாகவே வந்து குவிந்தன. படித்துப் படித்துத் தங்கைக்குத் தொண்டை கட்டிவிட்டது, எழுதி எழுதித் தையல்காரியின் சாக்கட்டி தீர்ந்துபோனது. ஐம்பத்தொரு ஜன்னல். நர்ஸம்மாவுக்கு ஏழு மாதச் சம்பளம்.

இந்தமுறை யாருக்கு நன்றி எழுதுவது என்ற சந்தேகம் அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு பார்சலிலும் மடிப்புக்குள் ஒரு கடிதம் வைத்தாள். எல்லாவற்றுக்கும் லைனிங் கொடுத்தாள், நல்ல பக்கம் உள்ளே.

கடைசி பெஞ்ச் கேட்டிருந்தது ஒரே ஒரு ஜன்னல், அதுவும் குளியலறைக்கு, சாதா வெள்ளைத் துணியில். தையல்காரி இருப்பதிலேயே பெரிய பூப்போட்ட துணியை எடுத்து வெட்டினாள்.

“அந்த ஆள் வெள்ளைதானே கேட்டாரு,” என்றாள் தங்கை.

“பூங்கொத்து அனுப்பச் சொன்னது அவருதானே.”

நர்ஸம்மா தங்கையின் நாற்காலியை இயந்திரத்தின் அருகில் தள்ளி நிறுத்தினார். தங்கை துணியின் மறுமுனையைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டாள்.